ஒரே வீட்ல நாலு கொரோனா டெஸ்ட், நாலுக்கும் காசு குடுத்தது வேற வேற ஆளு

கொரோனா டெஸ்ட் ஃப்ரீயா காசான்னு கேட்டா எங்க பக்கத்துல ஒரே பதில் கிடையாதுங்க. யாரு எடுக்கச் சொல்றாங்க, எதுக்கு எடுக்கறாங்க, பார்டருக்கு எந்தப் பக்கம் நின்னு எடுக்கறாங்கங்கறத வெச்சு பதில் மாறும். 2021ல எங்க வார்டுல ஒரே குடும்பத்துக்கு நாலு விதமா டெஸ்ட் நடந்து நாலு விதமா பில் வந்துச்சு. நான் அப்ப வார்டுல கொரோனா வேலைக்குன்னு போட்ட ஆர்ஆர்டி (ரேபிட் ரெஸ்பான்ஸ்) டீம்ல வாலண்டியரா இருந்ததால அந்த வீட்டுப் பேப்பரெல்லாம் என் கையில தான் போயிட்டு வந்துச்சு. அவங்க சம்மதத்தோட தான் எழுதறேன், பேரும் ஊரும் மட்டும் வேண்டாம்னு சொன்னாங்க, லேப், ஆஸ்பத்திரி, மில் பேரும் இதுல வராது.

ஊர் எங்கன்னு சொல்லிடறேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்கா, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். ரேஷன் கார்டு கேரளா, பேச்சு தமிழ், பொழப்புல பாதி பொள்ளாச்சியில. கோபாலபுரம், நடுப்புணி, மீனாட்சிபுரம், வேலந்தாவளம், வாளையார்னு வரிசையா செக்போஸ்ட். சாதாரண நாள்ல அது எங்களுக்கு பார்டரே கிடையாது, மாட்டுச் சந்தைக்கும் கல்யாண ஜவுளிக்கும் காத்தால போயிட்டு சாயங்காலம் வந்துருவோம். கொரோனா வந்தப்ப தான் அது பார்டராச்சு.

வீட்ல இருக்கறவங்க: ஒரு அக்கா, பொள்ளாச்சிப் பக்கம் தேங்கா நார் மில்லுல தினக்கூலி. அவங்க வீட்டுக்காரர் கோயமுத்தூர்ல ஒரு ஃபவுண்டரியில வேலை, அங்கயே ரூம் எடுத்து தங்கி வாரத்துக்கு ஒருக்கா வர்றவர். அவரோட அம்மா, நாங்கெல்லாம் ஆத்தான்னு தான் கூப்பிடுவோம். அக்காவோட நாத்தனார், பொள்ளாச்சியில கட்டிக் குடுத்த பொண்ணு, அப்ப நிறைமாசம். அப்பறம் ஸ்கூல் போற ரெண்டு குழந்தைங்க.

முதல்ல ஆத்தா கதை, அது சிக்கலே இல்லாதது. ஆத்தாவுக்குக் காய்ச்சல், வாசம் தெரியலன்னாங்க. வீடு வீடா வர்ற சுகாதாரப் பணியாளர், நாங்க ஆஷா சேச்சின்னு கூப்பிடறவங்க, வந்து பாத்துட்டு ஃபேமிலி ஹெல்த் சென்டருக்கு அனுப்பிச்சாங்க. அங்கயே உடனே ரிசல்ட் சொல்ற ஆன்டிஜன் டெஸ்ட் நெகட்டிவ், ஆனா அறிகுறி இருக்குன்னு லேபுக்கு அனுப்பிப் பாக்கற ஆர்டிபிசிஆருக்கும் சாம்பிள் எடுத்தாங்க, அது பாசிட்டிவ். ஒரு ரூபா யாரும் கேக்கல. வசதிய வெச்சு கலர் மாறற ரேஷன் கார்டு மஞ்சளா பிங்க்கா நீலமா வெள்ளையான்னும் கேக்கல, ஆம்புலன்ஸும் அரசாங்கமே அனுப்பிச்சுது. காய்ச்சல்னு ஒருத்தர் கவர்மென்ட் வாசல்ல போய் நின்னா அப்ப ரெண்டு மாநிலத்துலயும் டெஸ்ட் ஃப்ரீ தான். தமிழ்நாடு இன்னும் ஒரு படி மேல போய் அரசு பக்கம் ஆன்டிஜனே வேண்டாம், எல்லாருக்கும் ஆர்டிபிசிஆர் தான்னு கடைசி வரைக்கும் நின்னாங்க. ரெண்டு அரசாங்கத்தையும் மனசாரப் பாராட்டணும்.

வீட்டுக்காரர் கதையும் சீக்கிரம் முடிஞ்சுரும். அவருக்கு இஎஸ்ஐ இருந்துச்சு. மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்கறவங்களுக்கு, தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், மாசாமாசம் புடிச்சுக் கட்டற அதே இஎஸ்ஐ. சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிய அப்ப கோவிட் ஆஸ்பத்திரியாவே மாத்தியிருந்தாங்க. டெஸ்ட் அங்கயே, பாசிட்டிவ், காசு இல்ல. அதுக்கும் மேல ஒண்ணு கெடச்சுது, படுத்திருந்த நாளுக்குக் கூலியில 70 சதவீதம் சிக்னஸ் பெனிஃபிட்டா அக்கவுண்ட்ல ஏறுச்சு. ஆறு மாசத்துல 78 நாளுக்குப் பங்கு கட்டியிருந்தா போதும், வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் வாங்கலாம். டெஸ்ட் ரிசல்ட்டுங்கற அந்த ஒரு பேப்பர் தான் அவருக்குக் கூலியையும் வாங்கிக் குடுத்துச்சு. இத மனசுல வெச்சுக்கிட்டு அக்கா கதைய படிங்க, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் எவ்ளோ தூரம்னு தெரியும்.

2021 ஆகஸ்ட் 5ல இருந்து கேரளால இருந்து தமிழ்நாட்டுக்குள்ள வர்றவங்க 72 மணி நேரத்துக்குள்ள எடுத்த ஆர்டிபிசிஆர் நெகட்டிவ் காட்டணும், இல்லேன்னா ரெண்டு டோஸ் ஊசி போட்டு 14 நாள் தாண்டின சர்ட்டிபிகேட் காட்டணும்னு தமிழ்நாடு சொல்லிருச்சு. அந்த உத்தரவ நான் குத்தம் சொல்ல மாட்டேன். அப்ப கேரளால ஒரு நாளைக்கு இருபதாயிரம் கேஸ் பக்கம் வந்துட்டிருந்துச்சு, எந்த அரசாங்கமா இருந்தாலும் கதவ சாத்தத் தான் செய்யும். டெஸ்ட் கேட்டது சரி. அந்த டெஸ்டுக்கு யாரு காசு குடுக்கறதுன்னு எங்கயும் எழுதல, அங்க தான் தப்பு.

ரெண்டு டோஸ் போட்டுக்க வேண்டியது தானேன்னு பலர் கேட்டாங்க. அக்கா முதல் டோஸ் கோவிஷீல்டு ஜூன் கடைசியில தான் போட்டிருந்தாங்க. மே 13ல இருந்து கோவிஷீல்டு ரெண்டு டோஸுக்கு நடுவுல 12 வாரமாவது இருக்கணும்னு மத்திய அரசு மாத்தியாச்சு, 84 நாள் ஆகாம ஊசிக்கு புக் பண்ற கோவின் சைட்டுல ஸ்லாட்டே காட்டாது. பிரைவேட்ல 780 ரூபா குடுத்தாலும் அதே 84 நாள் தான். ஆக செப்டம்பர் கடைசி வரைக்கும், அதுக்கு மேல 14 நாள் சேத்துனா அக்டோபர் பாதி வரைக்கும், அவங்களுக்கு இருந்த ஒரே வழி டெஸ்ட்.

இப்ப கணக்க பாருங்க. கேரளால பிரைவேட் லேப் ரேட் அப்ப 500 ரூபா. திங்கக்கிழமை காத்தால எட்டு மணிக்கு சாம்பிள் குடுத்தா ரிசல்ட் செவ்வாக்கிழமை சாயங்காலம் போன்ல வரும். 72 மணி நேரத்த செக்போஸ்ட்ல சாம்பிள் எடுத்த நேரத்துல இருந்து தான் எண்ணுனாங்க. அப்டின்னா வியாழக்கிழமை காத்தால எட்டு மணியோட அந்தப் பேப்பருக்கு உசுரு போயிரும். புதன் ஒரு ஷிப்ட், வியாழன் எட்டு மணிக்கு முன்னாடி தாண்டிட்டா இன்னொரு ஷிப்ட். கூலி 400, ரெண்டு நாளுக்கு 800. அதுல டெஸ்டுக்கு 500 போச்சு. பஸ் ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல ஓடல, 2021 டிசம்பர் 1 வரைக்கும் ஓடல, அதனால ஷேர் ஜீப்புக்கு ஒரு நாளைக்கு 80 ரூபா, ரெண்டு நாளுக்கு 160. மிச்சம் 140 ரூபா. சாம்பிள் குடுக்கப் போன திங்கக்கிழமையும் ரிசல்ட்டுக்குக் காத்திருந்த செவ்வாக்கிழமையும் கூலி இல்ல. நாலு நாளுக்கு 140 ரூபா.

அக்கா அந்தக் கணக்க என்கிட்ட விரல் விட்டு எண்ணிக் காட்டிட்டு, “ஏனுங் தம்பி, நானு நோவுன்னு போகலையே, வேலைக்குத்தான போறேன், இதுக்கெதுக்கு நானு காசு குடுக்கோணும்?”னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்கு பதில் தேடி நான் போகாத இடம் இல்ல. ஹெல்த் சென்டர்ல கேட்டா, அறிகுறி இருக்கணும், இல்ல பாசிட்டிவ் ஆளோட கான்டாக்டா இருக்கணும், பயணத்துக்கு எடுக்கற டெஸ்ட் எங்க லிஸ்ட்ல இல்லன்னாங்க. பஞ்சாயத்து கேம்ப்ல யாரு வந்தாலும் எடுக்கறோம்னாங்க, ஃப்ரீ தான், ஆனா அது ஆன்டிஜன். அக்கா அந்த கேம்ப்ல எடுத்து நெகட்டிவ் சீட்டோட போனாங்க, கோபாலபுரத்துல அது செல்லாதுன்னு திருப்பி அனுப்பிச்சுட்டாங்க, அவங்களுக்கு ஆர்டிபிசிஆர் தான் வேணும். கேரளா ஃப்ரீயா குடுத்தத தமிழ்நாடு ஏத்துக்கல, தமிழ்நாடு ஃப்ரீயா பண்றது பார்டர் தாண்டுனா தான் கெடைக்கும், பார்டர் தாண்டவே அந்த டெஸ்ட் வேணும். மில் மேஸ்திரிகிட்ட கேட்டதுக்கு, அரசாங்கம் கேக்கற பேப்பருக்கு நாங்க எப்டிங்க காசு குடுக்கறதுன்னாரு. அவருக்கு மேல இருக்கறவங்கள பாக்கவே முடியல. தினக்கூலி, ரெஜிஸ்டர்ல பேரு இல்ல, இஎஸ்ஐ இல்ல, கேக்கறதுக்கு ஒரு ஜன்னல் கூட இல்ல.

கடைசியில அக்காவும் இன்னும் சில பொம்பளைங்களும் என்ன பண்ணாங்கன்னா, ஒரு டெஸ்ட் எடுத்துக்கிட்டு உள்ள போயி, மில்லுலயே நார் மூட்டை அடுக்கற ஷெட்ல தங்கிட்டாங்க. திரும்ப வந்தா திரும்ப 500. பத்து நாள், ரெண்டு வாரம்னு வீட்டுக்கு வராம அங்கயே சமைச்சு அங்கயே படுத்துக்கிட்டாங்க. நார்த் தூசிக்குள்ள ராத்திரியும் பகலும். குழந்தைங்க ரெண்டும் இங்க, அப்பத் தான் கொரோனால இருந்து எந்திரிச்ச ஆத்தாகிட்ட. போன்ல ஆன்லைன் கிளாஸ், அந்த ஒரே போன் அக்கா கையில மில்லுல இருக்கு. சின்னப் பொண்ணு எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து என் போன்ல தான் பாடம் பாத்துச்சு. ஒரு டெஸ்டோட விலை 500ன்னு அரசாங்கக் கணக்குல இருக்கும், ஆனா இந்த வீடு அந்த டெஸ்டுக்குக் குடுத்த விலை இதெல்லாம் சேத்துத் தான்.

இங்க விலைக் கட்டுப்பாடு பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா அந்த நேரத்துல பேசுன எல்லாரும் ரேட் கொறைச்சாச்சு கொறைச்சாச்சுன்னு தான் பேசுனாங்க. ஆரம்பத்துல 2020 மார்ச்ல மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் பிரைவேட் லேபுக்கு 4,500 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு வெச்சாங்க. ஏப்ரல் 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் பிரைவேட் லேப்லயும் ஃப்ரீயா பண்ணணும்னு சொல்லி ஊரே சந்தோசப்பட்டுச்சு, ஒரு வாரம் கூட ஆகல, 13ஆம் தேதி அத மாத்தி, ஆயுஷ்மான் பாரத்ங்கற மத்திய அரசு காப்பீட்டுத் திட்டத்துல இருக்கறவங்களுக்கும் அரசாங்கம் அறிவிக்கற ஏழைப்பட்டவங்களுக்கும் மட்டும் ஃப்ரீ, மத்தவங்ககிட்ட லேப் காசு வாங்கிக்கலாம்னு ஆச்சு. மே மாசக் கடைசியில ஐசிஎம்ஆர் அந்த 4,500 வரம்பையும் எடுத்துட்டு மாநிலங்களே லேபோட பேசி ரேட் வெச்சுக்கங்கன்னுருச்சு. அப்பறம் ஒவ்வொரு மாநிலமும் ஒரு ரேட். தமிழ்நாடு 2020 ஜூன்ல 3,000 வெச்சு, படிப்படியா கொறைச்சு 2021 மே மாசம் 900 ஆக்குச்சு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கார்டு இருக்கறவங்களுக்கு 550, வீட்டுக்கு வந்து எடுத்தா 300 கூட. கேரளா 2021 ஏப்ரல் 30ஆம் தேதி 1,700ல இருந்து ஒரே அடியா 500க்கு எறக்குச்சு. லேப்காரங்க கோவப்பட்டு கோர்ட்டுக்குப் போனாங்க, சில இடத்துல டெஸ்டே எடுக்க மாட்டோம்னாங்க. டெஸ்டுக்கு வேண்டிய சாமானுக்கு 135ல இருந்து 245 ரூபா வரைக்கும் தான் ஆகுதுன்னு அரசு கணக்கு காட்டுச்சு, ஹைகோர்ட் அப்ப தடை குடுக்கல. ஆனா அக்டோபர்ல அதே கோர்ட் அந்த உத்தரவ ரத்து பண்ணி, லேப்காரங்களையும் கேட்டுட்டு புதுசா முடிவு பண்ணுங்கன்னுச்சு. 2022 பிப்ரவரியில ஆர்டிபிசிஆர் 300, ஆன்டிஜன் 100ன்னு ஆச்சு.

1,700 ரூபா 500 ஆனது சாதாரண விசயம் இல்ல, நான் மறுக்கல. ஆனா விலைய கொறைக்கறது வேற, செலவ ஏத்துக்கறது வேற. ரேட் உத்தரவு லேப்காரர்கிட்ட இதுக்கு மேல வாங்காதன்னு சொல்லுது, அவ்ளோ தான். யாருகிட்ட வாங்கறதுன்னு அது சொல்லல, அதனால கவுன்டர்ல முன்னாடி நிக்கற ஆளுகிட்ட வாங்குனாங்க. 400 ரூபா கூலிக்காரிக்கு 500ங்கறது ஒரு நாள் பொழப்புக்கும் மேல.

நாலாவது டெஸ்ட் நாத்தனாரோடது. பொள்ளாச்சியில பிரைவேட் ஆஸ்பத்திரியில பிரசவம், அட்மிசன் போடறதுக்கு முன்னாடி ஆர்டிபிசிஆர் எடுக்கணும், கூட நிக்கற ஆளுக்கும் எடுக்கணும். அவ வீட்டுக்காரரு கம்பெனியில குரூப் இன்ஷூரன்ஸ் இருந்துச்சு. டிஸ்சார்ஜ் அப்ப பொண்ணோட டெஸ்ட் பில்லுல சேந்து இன்ஷூரன்ஸ்ல போயிருச்சு, கூட நின்ன மாமியாரோட டெஸ்டுக்குக் கையில இருந்து 900. அவங்க நோயாளி இல்லையாம், பாலிசியில பேரு இல்லையாம். ஆஸ்பத்திரி சட்டப்படி கூட ஒரு ஆள் வேணும்ங்குது, அந்த ஆளு டெஸ்ட் எடுக்கணும்ங்குது, ஆனா அந்தச் செலவு சிகிச்சையில சேராது.

இன்ஷூரன்ஸ் இந்த விசயத்துல எப்பவும் இப்டித் தாங்க. 2020 மார்ச்லயே இன்ஷூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ, ஆஸ்பத்திரி செலவு குடுக்கற பாலிசியெல்லாம் கொரோனா அட்மிசனுக்கும் குடுக்கணும்னு சொல்லிருச்சு. ஜூலை 10ல இருந்து கொரோனா கவச்னு தனி பாலிசியே வந்துச்சு, 50,000ல இருந்து 5 லட்சம் வரைக்கும். அதுல அட்மிசனுக்கு முந்தின 15 நாள் செலவும் சேந்துச்சு, டெஸ்டும் அதுல வந்துச்சு. ஆனா அதுக்கு முதல்ல பாசிட்டிவ்னு வரணும், அப்பறம் ஆஸ்பத்திரியிலயோ டாக்டர் பாக்க வீட்டுலயோ சிகிச்சை நடந்திருக்கணும். சிகிச்சையே இல்லாம நெகட்டிவ் மட்டும் வந்த டெஸ்டுக்கு இந்த மாதிரி பாலிசியில காசு வரல. பார்டர்ல கேட்டதோ நெகட்டிவ் தான்.

வெளிநாட்டுல எப்டின்னு தேடிப் பாத்தேன். அமெரிக்கால 2020 மார்ச் 18ஆம் தேதி சட்டமே போட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க டெஸ்ட் செலவ முழுசா ஏத்துக்கணும், ஆளுகிட்ட ஒரு டாலர் கூட பங்கு வாங்கக் கூடாதுன்னாங்க. இன்ஷூரன்ஸ் இல்லாதவங்க டெஸ்டுக்கு அரசாங்கமே லேபுக்குக் குடுக்கற ஒரு நிதி, அதுவும் பணம் தீந்து 2022 மார்ச் 22ல புது பில் வாங்கறத நிறுத்திருச்சு. 2022 ஜனவரி 15ல இருந்து வீட்டுலயே பண்ற டெஸ்ட் மாசம் 8 ஒரு ஆளுக்கு இன்ஷூரன்ஸ்ல. 2023 மே 11ஆம் தேதி எமர்ஜென்சி முடிஞ்சதோட அந்தக் கட்டாயமும் முடிஞ்சுது. ஆனா 2020 ஜூன்லயே அங்க வந்த ஒரு விளக்கம் இருக்கு, வேலைக்குத் திரும்பறதுக்காக எடுக்கற டெஸ்டுக்கு இன்ஷூரன்ஸ் குடுத்தாகணும்னு சட்டம் சொல்லலன்னு. அவ்ளோ பணக்கார நாட்டுலயும் ஓட்டை நம்ம அக்கா விழுந்த அதே எடத்துல தான் இருந்துச்சு. நோவுன்னு வந்தா பாப்பாங்க, நோவு இல்லன்னு நிரூபிக்கச் சொன்னா கையில இருந்து குடுக்கணும்.

பணம் இல்லாமத் தான் இப்டி ஆச்சுன்னு என்னால ஒத்துக்க முடியல. 2020 மார்ச் 14ஆம் தேதி மத்திய உள்துறை கொரோனாவ பேரிடர்னு அறிவிச்சு மாநிலப் பேரிடர் நிதியில இருந்து செலவு பண்ண வழி விட்டாங்க, அதுல சாம்பிள் எடுக்கறது, ஸ்கிரீனிங் பண்றது, தனிமைப்படுத்தறதுன்னு பேரு சொல்லியே இருக்கு. வருச ஒதுக்கீட்டுல 35 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம்னு இருந்தத அந்த செப்டம்பர்ல 50 ஆக்குனாங்க. சாம்பிள் எடுக்கறதுக்குன்னு நிதியில எடம் இருக்கறப்ப, பார்டர் தாண்டிக் கூலிக்குப் போற பொம்பளையோட சாம்பிள் மட்டும் எப்டி அதுல சேராமப் போகும்?

யாரு உண்மையான கூலிக்காரி யாரு ஏமாத்தறாங்கன்னு எப்டிக் கண்டுபிடிக்கறதுன்னு ஒரு ஆபீசர் என்கிட்ட கேட்டாரு. நியாயமான கேள்வி, பதிலும் இருந்துச்சு. லேப்ல எந்த சாம்பிள் எடுத்தாலும் எஸ்ஆர்எஃப் ஐடின்னு ஒரு நம்பர் விழும், ஆளு பேரு, போன், எடுத்த நேரம், ரிசல்ட் எல்லாம் ஐசிஎம்ஆர் போர்ட்டல்ல ஏறிரும். தமிழ்நாட்டுக்குள்ள வர இ-ரெஜிஸ்ட்ரேசன் தனியா இருந்துச்சு, அதுல எங்க போறோம் எதுக்குப் போறோம்னு எழுதணும். இந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா வாரா வாரம் அதே மில்லுக்குப் போறவங்க யாருன்னு தெரிஞ்சிருக்கும், லேபுக்கு நேரா அரசாங்கமே 500 குடுத்திருக்கலாம். இல்லேன்னா இன்னும் சுளுவா, செக்போஸ்ட்லயே தமிழ்நாடு சாம்பிள் எடுத்து உள்ள விட்டிருக்கலாம், தமிழ்நாட்டு அரசு லேபுக்கு அது புதுசா ஒரு செலவே இல்ல. சிலருக்கு அப்டி எடுக்கறத நானே வாளையார்ல பாத்திருக்கேன், கார்ல வந்தவங்களுக்கு. கோபாலபுரத்துல ஜீப்புல நின்னுட்டு வந்த பொம்பளைங்களுக்கு அது நடக்கல.

செப்டம்பர் கடைசியில அக்காவுக்கு ரெண்டாவது டோஸ் ஹெல்த் சென்டர்லயே ஃப்ரீயா போட்டாங்க. 14 நாள் கழிச்சு சர்ட்டிபிகேட்ட லேமினேட் பண்ணி ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிட்டு போக ஆரம்பிச்சாங்க. லேப் பில்லெல்லாம் ஒரு மஞ்சப்பையில சேத்து வெச்சிருந்தாங்க, அத வெச்சு நான் ரெண்டு பக்கத்துக்கும் மனு எழுதிக் குடுத்தேன். கேரளா பக்கத்துல, டெஸ்ட் கேட்டது நாங்க இல்ல, தமிழ்நாட்டக் கேளுங்கன்னு பதில். தமிழ்நாட்டுப் பக்கத்துல இருந்து, மனுதாரர் இந்த மாநிலத்துல வசிக்கறவர் இல்லன்னு.

2025 ஜூலையில பாலக்காட்டுல நிபா வந்தப்ப வாளையார்ல திரும்ப தமிழ்நாட்டு ஹெல்த் டீம் நின்னுச்சு, காய்ச்சல் இருக்கான்னு பாத்து உள்ள விட்டாங்க, சர்ட்டிபிகேட் கேக்கல. நிபா டெஸ்டுக்கு எந்த நோயாளிகிட்டயும் காசு கேட்டதா 2018 கோழிக்கோட்டுல இருந்து இன்னிக்கு வரைக்கும் நான் கேள்விப்படல, ஏன்னா சாம்பிள் எடுக்கறதும் அரசாங்கம், பாக்கற லேபும் அரசாங்கம், நடுவுல கவுன்டரே இல்ல. செக்போஸ்ட்ல டீம் நிக்குதுன்னு கேள்விப்பட்டதும் அக்கா எனக்கு போன் பண்ணி முதல்ல கேட்டது நிபா பத்தி இல்ல, “இந்தத் தடவயும் பேப்பர் கேப்பாங்களா தம்பி, எவ்ளோ ஆகும்?”னு தான். எங்க பஞ்சாயத்துல அடுத்த கிராம சபைக்கு நாங்க எழுதிக் குடுத்திருக்கற தீர்மானம் ஒரே வரி: பார்டர்ல எந்த மாநிலம் டெஸ்ட் பேப்பர் கேக்குதோ அந்த மாநிலமே பார்டர்லயே ஃப்ரீயா டெஸ்ட் எடுக்கணும், ரிசல்ட் வர்ற வரைக்கும் கூலிக்குப் போறவங்கள திருப்பி அனுப்பக் கூடாது. கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஊராட்சியிலயும் இதையே தீர்மானமா போடச் சொல்லிக் கேட்டிருக்கோம், அவங்க ஆளுங்களும் இந்தப் பக்கம் தென்னந்தோப்புக்கு வேலைக்கு வர்றவங்க தான்.